உப்பு மேட்டில் முத்துவும் மிளகும்: ஒரு எக்ஸ்போஷர் நிகழ்வு ஆய்வு

"என்ன தம்பி, முத்து சாம்பல்ல புரண்டு எந்திச்ச மாதிரில்லா இருக்கான்?"

அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி போனில் சொன்ன முதல் வார்த்தை இதுதான். கோபமெல்லாம் இல்லை. சந்தேகம்தான். தன் நாய் நிஜமாகவே அவ்வளவு அழுக்கா என்று யோசித்திருப்பார் போல. முத்து அழுக்கில்லை. அவன் ராஜபாளையம், பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, தேன் நிறக் கண். 2005-இல் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இடம் பிடித்த இனம். அந்த வெள்ளையைத்தான் நான் சிமெண்ட் நிறத்தில் எடுத்து வைத்திருந்தேன்.

அதே நாளில் எடுத்த வேறு சில படங்களில் சிக்கல் தலைகீழ். முத்து இருந்த இடத்தில் முத்து இல்லை. இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் வெள்ளைக் காகிதத்தில் மிதந்துகொண்டிருந்தன. ஒரே காலை, ஒரே வெயில், ஒரே கேமரா. அரைமணி நேரத்துக்குள் ஒரே நாயை இரண்டு விதமாகக் கெடுக்க எப்படி முடிந்தது என்று உட்கார்ந்து பார்த்ததுதான் இந்தக் குறிப்பு.

இடமும் ஆட்களும்

தூத்துக்குடி உப்பளம். மார்ச் மாதம், சீசன் சூடு பிடித்திருந்த நேரம். பாத்தியிலிருந்து வாரிய உப்பு வரப்போரமாக அம்பாரம் அம்பாரமாகக் குவிந்திருந்தது. இன்னும் ஓலை மூடவில்லை. தெரிந்தவர் ஒருவரின் அளம் என்பதால் அனுமதி கிடைத்தது. வெள்ளை மேட்டின்மேல் வெள்ளை நாய் நிற்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் ஆசை. கூடவே மிளகும் வந்தாள். அவள் கன்னி இனம். உடம்பெல்லாம் கறுப்பு, புருவத்துக்கு மேல் இரண்டு செம்பழுப்புப் பொட்டு. உப்பளத்தில் மிளகு என்று அண்ணாச்சி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கு அது சிரிப்பாக இருந்திருக்கக் கூடாது.

முத்துவுக்குக் காது கேட்காது. உடம்பு முழுக்க வெள்ளையாகப் பிறக்கும் நாய்களில் இது புதிதில்லை. நிறமிச் செல்கள் இல்லாமல் போவது உட்காதையும் பாதிக்கும். ராஜபாளையத்தில் கேள்விப்படக்கூடியதுதான். அதனால் நான் வைத்திருந்த கீச்சுப் பொம்மைக்கு அவனிடம் மதிப்பே இல்லை. அண்ணாச்சி கையை உயர்த்தினால் நிற்பான், தொடையைத் தட்டுவது கண்ணில் பட்டால் ஓடி வருவான். அவன் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு நொடிதான் எனக்குக் கிடைக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்ற கணக்கை, திருத்திக்கொண்டிருக்க அதில் இடமில்லை.

முதல் நாள்

போய்ச் சேரும்போதே மணி எட்டு. உப்பு வாரும் அக்காமார் பாதி வேலையை முடித்து, நிழலில் தூக்குவாளியைத் திறந்திருந்தார்கள். "வெயில் ஏறிட்டுன்னா உப்பு கண்ணைக் குத்தும்லா தம்பி, அதான் நாங்க இருட்டோட வந்திருதோம்" என்றார் ஒருவர். எனக்கும் கண் கூசியது. கேமராவின் பின் திரையில் எதுவும் தெரியவில்லை. சரி என்று திரையின் வெளிச்சத்தைக் கடைசி வரை ஏற்றினேன். முதல் தப்பு அங்கேயே நடந்துவிட்டது, அப்போது தெரியவில்லை.

அப்பர்ச்சர் மோட் (லென்ஸ் துளையை மட்டும் நான் தீர்மானிப்பது), துளை எஃப்/4, ஐஎஸ்ஓ என்ற வெளிச்ச உணர்திறன் 200. முழுக் காட்சியின் வெளிச்சத்தையும் அளக்கும் மீட்டர். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருப்பது என்பதைக் கேமரா பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அம்பாரத்தின் மேல் முத்து மட்டும் நின்ற படங்களுக்குக் கேமரா தேர்ந்தெடுத்தது 1/6400 நொடி. திரையில் பார்த்தால் வெள்ளையாகத்தான் தெரிந்தது. தெரியாமல் என்ன? கடைசி வரை ஏற்றிய திரையில் சாம்பலும் வெள்ளையாகத்தான் தெரியும்.

ஒரு பத்து நிமிடம் கழித்து, பழக்க தோஷத்தில் ஹிஸ்டோகிராமைத் திறந்தேன். படத்தில் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்று இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடம் அது. அந்த வரைபடத்தின் மேடு மொத்தமும் நடுவில் ஒட்டக முதுகு மாதிரி உட்கார்ந்திருந்தது. வலப்பக்கம் வெறிச்சென்று கிடந்தது. உப்பும் வெள்ளை நாயும் மட்டுமே உள்ள படத்தில் மேடு வலது ஓரத்தை ஒட்டித்தானே இருக்க வேண்டும்? உடனே காம்பன்சேஷனை, அதாவது மீட்டர் சொன்னதற்கு மேல் கூட்டச் சொல்லும் அளவை, 1⅔ ஸ்டாப்பில் வைத்தேன் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). முத்து மட்டும் நின்ற படங்கள் 1/2000-க்கு வந்தன, சரியாகிவிட்டன. நிம்மதியோடு மிளகையும் மேட்டில் ஏற்றச் சொன்னேன்.

மிளகு படச் சட்டத்தின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றதும் மீட்டருக்குக் காட்சி இருட்டாகத் தெரிந்தது. தன் பங்குக்கு வெளிச்சத்தைக் கூட்டியது. அதன்மேல் நான் கொடுத்த 1⅔ ஸ்டாப் அப்படியே ஏறியது. ஷட்டர் 1/800-க்கு இறங்கிவிட்டது. முத்துவின் முதுகில் இருந்த மயிர் மொத்தமும் வெளுத்துக் காணாமல் போனது. திரும்பவும் ஹிஸ்டோகிராமைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இருவரும் சேர்ந்து கேமராவைப் பார்க்கிறார்களே என்ற பரவசத்தில் யார் பார்த்தது?

எண்கள் சொன்னது

வீட்டுக்கு வந்து படங்களின் விவரத்தை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் 1/6400, இன்னொரு பக்கம் 1/800. எட்டு மடங்கு வித்தியாசம், அதாவது மூன்று ஸ்டாப். அந்த அரைமணி நேரத்தில் சூரியன் மூன்று ஸ்டாப் மாறியதா? இல்லை, ஒரு ஸ்டாப்பில் பாதிகூட மாறியிருக்காது. மாறியது சட்டத்துக்குள் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெள்ளை என்பதும், அதன்மேல் நான் கூட்டிய 1⅔ ஸ்டாப்பும்தான். இரண்டு விதக் கெடுதலுக்கும் வேர் ஒன்றுதான். வெயிலை அளக்க வேண்டிய இடத்தில் நாயின் நிறத்தை அளக்க விட்டிருக்கிறேன்.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் பொருளில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தை மட்டும்தான் பார்க்கும். எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல், விழுகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற பொருள் என்பது அதன் நம்பிக்கை. சாதாரணத் தெருக் காட்சியைச் சராசரி பார்த்தால் அந்தப் பக்கம்தான் வரும், பிழைத்துக்கொள்ளலாம். நல்ல வெள்ளைப் பொருளோ 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். பதினெட்டுக்குத் தொண்ணூறு ஐந்து மடங்கு; ஸ்டாப் கணக்கில் இரண்டுக்குச் சற்று மேல். பனியில் எடுப்பவர்கள் ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் கூட்டு என்று சொல்வதும் இந்தக் கணக்கால்தான். கறுப்பு நாயின் மயிர் நாலைந்து சதவீதம் அனுப்பினால் பெரிது. அது நடுச் சாம்பலுக்கு இரண்டு ஸ்டாப் கீழே. ஆக முத்துவுக்கும் மிளகுக்கும் நடுவே நான்கு ஸ்டாப் பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் மீட்டர் ஊஞ்சலாடியிருக்கிறது.

இன்றைய கேமராக்களின் முழுக்காட்சி மீட்டர் ஓரளவு புத்திசாலி, வெள்ளைக் காட்சி என்று மோப்பம் பிடித்துத் தானே கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். அதனால்தான் முதல் தொகுப்பு இரண்டே கால் ஸ்டாப் குறையாமல் 1⅔ ஸ்டாப் குறைந்தது. எனக்கு இந்த அரைகுறைப் புத்திசாலித்தனம்தான் பெரிய தலைவலி. முழு முட்டாளாக இருந்தால் எத்தனை கூட்டுவது என்று மனப்பாடம் செய்துவிடலாம்.

ரா கோப்புகளை, அதாவது கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமித்த படங்களை, திறந்தபோது இன்னொன்று தெரிந்தது. சாம்பல் படங்களை 1⅔ ஸ்டாப் ஏற்றினேன், முத்து பளிச்சென்று வந்துவிட்டான். ஐஎஸ்ஓ 200-இல் எடுத்தது, ஏற்றிய பிறகு 640-இல் எடுத்த அளவு மணல் போன்ற புள்ளிதான், கண்ணுக்கே தெரியவில்லை. வெளுத்த படங்களை இறக்கினேன். முதுகு வெள்ளையிலிருந்து தட்டையான சாம்பலாக மாறியதே தவிர ஒரு மயிர்கூடத் திரும்பவில்லை. அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடிக்கும் என்று நான் நினைத்திருந்த, இருவரும் சேர்ந்து நின்ற படங்கள் அத்தனையும் அந்தக் கூட்டத்தில் இருந்தன.

இரண்டாம் நாள்

ஐந்து நாள் கழித்துத் திரும்பப் போனோம். இம்முறை ஆறே முக்காலுக்கே அளத்தில் இருந்தோம். கேமராவில் மூன்று மாற்றம் செய்திருந்தேன். திரையின் வெளிச்சம் நடுவில். மோட் மேனுவல், துளையும் ஷட்டரும் என் கையில். மீட்டர் ஸ்பாட், அதாவது சட்டத்தின் ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளப்பது.

ஏழேகால் மணிக்கு, அம்பாரத்தில் வெயில் நேராகப் படும் இடமாகப் பார்த்து ஸ்பாட் வைத்தேன். எஃப்/4, ஐஎஸ்ஓ 400-க்கு மீட்டர் கேட்டது 1/8000. அது உப்பைச் சாம்பலாக்கும் வேகம். உப்பு சாம்பலுக்கு மேல் இரண்டு ஸ்டாப்பில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்து 1/2000-க்கு இறக்கினேன். சரிதானா என்று பார்க்க இடது உள்ளங்கையை அதே வெயிலுக்கு நீட்டி, அதையும் அளந்தேன். உள்ளங்கை நடுச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளுப்பு. ஆள் கறுப்போ சிவப்போ, உள்ளங்கையில் பெரிய வித்தியாசம் இருக்காது. மீட்டர் 1/4000 என்றது. ஒரு ஸ்டாப் கூட்டினால் 1/2000. உப்பும் கையும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டன. இதற்குமேல் யாரைக் கேட்க?

எந்த வெள்ளை எந்தப் படியில் உட்கார வேண்டும் என்பதைக் கேமராவிடம் விடாமல் எடுப்பவரே தீர்மானிக்கிற இந்த யோசனை பழையது. ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1939–40 வாக்கில் வகுத்த மண்டல முறையில் நடுச் சாம்பல் ஐந்தாம் படி. இழை தெரிகிற வெள்ளைக்கு ஏழு, எட்டாம் படிகள். அவர்கள் ஃபிலிமுக்குச் சொன்னது. உப்பு மேட்டில் நான் செய்ததும் அதே எண்ணிக்கைதான்.

பிறகு முத்துவை நிறுத்தி ஒரு சோதனைப் படம். வெளுத்த இடம் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையைப் போட்டு வைத்திருந்தேன். உப்புப் பரல்களின் முனையில் மட்டும் பொட்டுப் பொட்டாக மினுக்கியது. அது கிடக்கட்டும், கண்ணாடிச் சில்லில் வெயில் தெறிப்பது போன்ற அந்த மினுக்கில் பார்க்க ஒன்றுமில்லை. முத்துவின் முதுகில் மினுக்கு இல்லை. ஆனால் ஹிஸ்டோகிராமைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. காலை வெயில் மஞ்சள். அவன் காதின் உட்புறமும் மூக்கும் ரோஸ். அந்த இடங்களில் சிவப்புதான் முதலில் நிரம்பி வழியும். மூன்றையும் கலந்து காட்டும் ஒற்றை ஹிஸ்டோகிராமில் இது தெரியாமல் போகலாம். மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்து 1/2500 ஆக்கினேன்.

அதன்பிறகு இருபது நிமிடம் டயலைத் தொடவில்லை. முத்து மேட்டில் ஏறினான், இறங்கினான், பாத்தியோரம் ஓடினான், மிளகு குறுக்கே வந்தாள், வானம் சட்டத்துக்குள் வந்தது, போனது. எண்கள் மாறவில்லை, மயிரும் வெளுக்கவில்லை.

மாறவில்லை என்று சொன்னதில் ஒரு திருத்தம். முதல் பத்துப் பதினைந்து படங்கள் ஒன்றுக்கொன்று வெளிச்சம் ஒத்துப் போகவில்லை. மேனுவலில் இருந்தும் ஏன் என்று பார்த்தால் ஆட்டோ ஐஎஸ்ஓ அணையாமல் இருந்திருக்கிறது. ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நான் பூட்டி வைத்தேன், கேமரா பின்வாசல் வழியாக ஐஎஸ்ஓவை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. மேனுவல் என்ற எழுத்தைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெயில் எந்தப் பக்கம்

எக்ஸ்போஷர் சரியாகிவிட்டது என்பதற்காக வெள்ளைமேல் வெள்ளை படமாகிவிடாது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எடுத்த படங்களில் எண்களில் ஒரு குறையும் இல்லை. முத்து மட்டும் மேட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் போல இருந்தான். நிழல் இல்லாத வெள்ளைக்கு உடம்பு கிடையாது. அம்பாரத்தைச் சுற்றி நடந்து, சூரியன் முத்துவுக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் வருமாறு நின்றேன். விலா எலும்பின் வரிகள், தோளின் மடிப்பு, கழுத்தடியில் ஒரு மெல்லிய நிழல் எல்லாம் எழுந்து வந்தன. வேறு இடமாக இருந்தால் அந்த நிழல் பக்கம் கறுத்துப் போயிருக்கும். இங்கே தரையே உப்பு. கீழிருந்து வெளிச்சத்தை ஏந்தி அவன் மோவாய்க்குக் கொடுத்தது. ரிஃப்ளெக்டர் பிடிக்க ஆள் தேவைப்படவில்லை.

அதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. உப்பு முற்றிய பாத்தியில் தண்ணீர் லேசான ரோஸ் நிறத்தில் இருக்கும். அந்த உவர்ப்பிலும் வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது. பாத்தியோரம் நின்ற படங்களில் முத்துவின் வயிறு ரோஸ், நிழல் விழுந்த முதுகு வானத்தால் நீலம், வெயில் பட்ட பக்கம் மஞ்சள். எது வெள்ளை என்று கேமராவே யூகித்து நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ வெள்ளைச் சமநிலை இதைப் பார்த்துக் குழம்பி, படத்துக்குப் படம் ஒரு நிறம் தந்தது. அதை வெயில் என்ற அமைப்பில் நிறுத்தி வைத்துவிட்டு, வீட்டில் வந்து வெயிலில் கிடந்த உப்பைத் தொட்டு ஒரே திருத்தமாக எல்லாப் படங்களுக்கும் போட்டேன். வயிற்றின் ரோஸை அகற்றவில்லை. அங்கே அப்படித்தான் இருந்தது.

மிளகுக்கு மட்டும் தனிக் கணக்கு. அவளைத் தனியாக எடுத்தபோது அம்பாரத்தைப் பின்னணியாக வைக்காமல் தண்ணீர்ப் பாத்திக்கு முன்னால் உட்கார வைத்து, முக்கால் ஸ்டாப் போலக் கூட்டினேன். பின்னால் தெரிந்த கொஞ்சம் உப்பு வெளுத்தது, கவலைப்படவில்லை. புருவப் பொட்டும் மயிரின் பளபளப்பும் வந்துவிட்டன. இருவரும் சேர்ந்து நின்றபோது வெள்ளைக்காரனுக்குத்தான் முன்னுரிமை. இரண்டு முகமும் தெளிவாக இருக்க எஃப்/5.6, அதை ஈடுகட்ட 1/1250, ஐஎஸ்ஓ அதே 400. மிளகு படத்தில் கரிக்கட்டையாக வந்தாள். ரா கோப்பில் நிழலை மட்டும் ஒன்றரை ஸ்டாப் தூக்கியதும் கண்ணும் மூக்கும் பிரிந்து தெரிந்தன. முதல் நாள் செய்தது இதற்கு நேர் எதிர், கறுப்பைக் காப்பாற்ற வெள்ளையைப் பலி கொடுத்தது.

போனில் எடுப்பவர்களுக்கு: அண்ணாச்சியின் மகள் அங்கேயே போனில் எடுத்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் அதே சாம்பல்தான் வந்தது. திரையில் முத்துவைத் தொட்டு அழுத்திப் பிடித்துப் பூட்டி, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மெல்ல மேலே இழுக்கச் சொன்னேன். மயிர் வரி கரையத் தொடங்கும் இடம் வந்ததும் ஒரு இழை கீழே. அவ்வளவுதான்.

நாய்களை உப்பளத்துக்குக் கூட்டிப் போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குடிக்க நல்ல தண்ணீர் கொண்டு போங்கள், பாத்தித் தண்ணீரில் வாய் வைக்க விடாதீர்கள். உப்பு அளவுக்கு மீறிப் போனால் நாய்க்கு நஞ்சு. திரும்பும்போது இரண்டு குடம் தண்ணீரில் எட்டுப் பாதங்களையும் விரலிடுக்கு வரை கழுவினோம். கழுவாவிட்டால் வழியெல்லாம் நக்கிக்கொண்டே வரும்.

அச்சுக்குப் போனபோது

பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் ஒரு படம் போட வேண்டும் என்றார் அண்ணாச்சி. திரையில் நன்றாக இருந்த வெள்ளை காகிதத்தில் சில சமயம் ஓட்டையாகத் தெரியும். அங்கே வெள்ளை மை கிடையாது, வெறும் காகிதம்தான். அதனால் முத்துவின் ஆக வெளுப்பான மயிரை 255-இல் (கணினியில் முழு வெள்ளையின் எண்) விடாமல் 240, 245 பக்கம் நிறுத்தினேன். அதற்கும் கீழே இழுத்தால் திரும்பச் சாம்பல் நாய். உப்பு அவனைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் அவன் மேட்டிலிருந்து பிரிந்து தெரிவான். உப்புக்கு முன்னால் பால் வெள்ளை லேசாக மஞ்சள் தட்டுகிறது, அதுவும் உண்மைதான்.

ஐந்து படங்கள் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். பக்கவாட்டு வெயிலில் விலா வரி தெரிய முத்து நின்ற படத்தை அவர் எடுப்பார் என்று நினைத்தேன். ஒரு பார்வை பார்த்து ஒதுக்கிவிட்டு, "இது போக வேற இருக்கால்லா?" என்று என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் நிறுத்திய படம் எட்டு மணி ஐந்து நிமிடத்தில் எடுத்தது. பாதம் கழுவிய தண்ணீரை முத்து உதறுகிறான், மிளகு முகத்தைச் சுளித்து விலகுகிறாள். அதற்குள் வெயில் ஒரு ஸ்டாப் ஏறியிருந்தது. நான் ஏழேகால் மணிக் கணக்கிலேயே, 1/2500-இலேயே அழுத்தியிருக்கிறேன். முத்துவின் இடது காதில் சிவப்பு நிரம்பி, உள்மடிப்பு முழுக்க ஒரே திட்டாகப் போய்விட்டது. சொல்லிப் பார்த்தேன், விரலை வைத்துக் காட்டியும் பார்த்தேன்.

"காது கிடக்கட்டும் தம்பி, அது அவனுக்கு எப்பவும் இல்லாததுதான" என்றார். அந்தப் படம்தான் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.